மணக்கும் குட்டை ரோஜா: வாசகர் கேள்வி – பதில்

இடுப்பளவு உயரத்துக்குள் அடங்கி, மணத்தோடு திரும்பத் திரும்பப் பூக்கும் புதர் ரோஜாக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஜன்னலை ஒட்டி ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. மூன்றடிக்கு மேல் போகாத, நல்ல மணமுள்ள ரோஜா எது? நர்சரியில் மினியேச்சர் ரோஜாவைத்தான் காட்டுகிறார்கள்.

பதில்: மணம்தான் முக்கியம் என்றால் மினியேச்சர் வேண்டாம். அந்த இனத்தில் பெரும்பாலானவற்றுக்கு மணமே இல்லை. இருப்பவற்றிலும் மூக்கை ஒட்டிப் பிடித்தால்தான் தெரியும். உங்கள் பாத்திக்குப் பழைய புதர் ரோஜாக்களில் தேடுங்கள்.

‘ரோஸ் டி ரெஷ்ட்’ முதல் தேர்வு. சுமார் 90 செ.மீ. உயரம், நெருக்கமான இலை, அடர்ந்த ஊதா கலந்த சிவப்பில் சிறிய உருண்டைப் பூ, பன்னீரும் அத்தரும் எடுக்கும் டமாஸ்க் ரோஜாவின் அழுத்தமான மணம். செடிக்கு வயதாக ஆகப் பூப்பது குறையும். அப்போது தயங்காமல் ஆழமாகக் கவாத்துச் செய்தால் (கிளைகளை வெட்டிக் குறைத்தால்) மறுபடி பூக்கத் தொடங்கும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த சின்னப் பூ பிடிக்குமானால் ‘மேரி பாவியே’. 1888-இல் வந்த ரகம். முள் மிகக் குறைவு, கொத்துக் கொத்தாகப் பூக்கும், வெப்பத்தையும் தாங்கும். ஜன்னலோரப் பாத்திக்கு முள்ளில்லாத செடி எவ்வளவு நிம்மதி என்பது நட்ட பிறகு தெரியும். பெரிய, இதழ் நிறைந்த பூதான் வேண்டும் என்றால் டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய ஆங்கில ரோஜாக்களில் ‘ஷரீஃபா அஸ்மா’ (1989), ‘லேடி எம்மா ஹாமில்டன்’ (2005), ‘மன்ஸ்டெட் வுட்’ (2007) ஆகியவை மணத்துக்குப் பெயர் பெற்றவை. இவை குளிர்ப் பகுதியில் மூன்று, நான்கு அடியில் நிற்கும். பனி உறையாத வெப்பப் பகுதியில் அட்டையில் போட்டிருக்கும் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை வளரலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர் ரோஜாவைக் கேட்டு எழுதியவர்களுக்கும் இதே எச்சரிக்கை: மணத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் மூன்றடிக்குள் நிற்கும் செடி அல்ல.

பாத்தியில் மூன்று ரகத்தை ஒவ்வொன்றாக வைக்காமல், ஒரே ரகத்தில் மூன்று செடியை 45 செ.மீ. இடைவெளியில் முக்கோணமாக நடுங்கள். இரண்டாம் ஆண்டில் மூன்றும் சேர்ந்து ஒரே புதராகத் தெரியும். மணமும் ஒரே இடத்தில் தேங்கும். சுவரிலிருந்து குறைந்தது 45 செ.மீ. தள்ளி நடுவது அவசியம். சுவரோரம் மண் காய்ந்து கிடக்கும். சுவருக்கும் செடிக்கும் நடுவில் காற்று ஓடாவிட்டால் இலை காயாது. ரோஜாவின் பாதி நோய் இலை ஈரத்திலிருந்துதான் வருகிறது.

கேள்வி: நர்சரியில் முகர்ந்து பார்த்தபோது நன்றாக மணந்தது. வீட்டில் வைத்துப் பூத்த பிறகு மணமே இல்லை. செடியை மாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் எந்த நேரத்தில், எந்தப் பூவை முகர்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். ரோஜாவின் மணம் இதழின் மேல்தோல் செல்களில் உருவாகி ஆவியாக வெளியேறும் பல பொருள்களின் கலவை. ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல் எத்தனால் ஆகியவை அளவில் அதிகம். பீட்டா டமாஸ்கினோன் போன்றவை மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் மூக்குக்கு உடனே தெரியும். வெயில் ஏறி வறண்ட காற்று அடித்தால் இவை உருவாகும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடிவிடும். அதனால்தான் எண்ணெய் எடுப்பதற்கான ரோஜாவை விடியற்காலையில் பறிக்கிறார்கள். காலையில் பனி காய்ந்தவுடன், பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். முழுதாக விரிந்து மகரந்தம் பழுப்பேறிய பூவில் மணம் இறங்கியிருக்கும். மிதமான வெப்பமும் காற்றில் ஈரமும் உள்ள காலையில் கூடும். 35 டிகிரியைத் தாண்டிய நாள்களில் பூவே சிறுத்து, இதழ் குறைந்து, மணமும் குறையும்.

அடுத்தது செடியின் பலம். மணப்பொருள் தயாரிப்பது செடிக்குச் செலவு. அந்தச் செலவுக்கான சர்க்கரை இலையிலிருந்துதான் வர வேண்டும். இலையில் பாதி உதிர்ந்த செடி எப்படியோ ஒரு பூவைத் தள்ளிவிடும், ஆனால் அது வெளிறிய, மணம் குறைந்த பூவாக இருக்கும். ஆறு மணி நேர நேரடி வெயில், உதிராத இலை, வேருக்குத் தடையில்லாத நீர், இந்த மூன்றும் அமைந்து இரண்டாவது தளிர்ப்பில் பூக்கும் பூவை வைத்து ரகத்தைத் தீர்மானியுங்கள். புதிதாக நட்ட செடியின் முதல் பூவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது செடிக்குச் செய்யும் அநியாயம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மணம் இல்லையென்றால் ரகமே அப்படித்தான். 2015-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் மணமுள்ள ‘பாபா மெய்யான்’ ரகத்தையும் மணமற்ற ‘ரூஜ் மெய்யான்’ ரகத்தையும் ஒப்பிட்டு, இதழில் ஜெரானியால் உருவாவதற்கு ‘நட்எக்ஸ்1’ என்ற நொதி தேவை என்று கண்டறிந்தார்கள். மணமற்ற ரகத்தில் அந்த மரபணு வேலை செய்வதே இல்லை என்னும் அளவுக்கு அடங்கியிருந்தது. அப்படிப்பட்ட செடிக்கு எந்த உரம் போட்டும் மணம் வராது. “மணத்துக்கென்றே” விற்கும் டானிக்குகளை வாங்காதீர்கள்.

கேள்வி: நடும் முறையை அளவோடு சொல்லுங்கள். ஒட்டு மண்ணுக்குள் இருக்க வேண்டுமா, வெளியிலா?

பதில்: குழி 50 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம். தோண்டியதும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகியும் வடியாமல் நின்றால் அங்கே நடாமல், பாத்தியை 20 முதல் 30 செ.மீ. உயர்த்திக் கட்டி அதில் நடுங்கள். எடுத்த மண்ணில் நான்கில் ஒரு பங்குக்கு நன்கு மட்கிய தொழுஉரமோ இலைமட்கோ கலந்தால் போதும். குழி முழுவதும் உரமாக நிரப்பினால் அது மட்கி அமிழும்போது செடியும் சேர்ந்து இறங்கும். புதுச் சாணம், ரசாயன உரம் இரண்டையும் குழியில் போடக் கூடாது. இளம் வேர் கருகிவிடும்.

ஒட்டு என்பது நாம் வாங்கும் ரகத்தை வேறொரு ரோஜாவின் வேரில் (வேர்ச்செடியில்) இணைத்த இடம்; தண்டின் அடியில் கைமுட்டிபோலப் புடைத்திருக்கும். நிலம் உறையும் குளிர் உள்ள இடத்தில் அது மண்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே போக வேண்டும்; மேலே உள்ளதெல்லாம் குளிரில் கருகினாலும் அங்கிருந்து தளிர் வரும். உறைபனி இல்லாத இடத்தில் மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் வெயில் படும்படி இருக்கட்டும். அங்கே புதைத்தால் ஒட்டுப் பகுதி அழுகலாம்; அடியிலிருந்து வர வேண்டிய புதுக் கிளைகளும் குறையும்.

பையைக் கிழித்து எடுக்கும்போது வேர்க்கட்டி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் மட்டும் ஓரத்தில் விரலால் நெகிழ்த்திவிடுங்கள். நட்டு, மண்ணை உள்ளங்கையால் அழுத்தி, 10 லிட்டர் நீரை மெதுவாக ஊற்றுங்கள். மேலே 5 முதல் 7 செ.மீ. மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை), தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டு. முதல் இரண்டு மாதம் வரும் மொட்டுகளை மிளகளவு இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். மனம் வராது என்பது தெரியும். ஆனால் அந்தப் பலம் வேருக்குப் போனால்தான் ஆண்டு முடிவில் புதர் கனக்கும்.

கேள்வி: மாடியில் தொட்டியில் வைக்கலாமா? அடியில் எவ்வளவு உயரத்துக்கு ஜல்லி போட வேண்டும்?

பதில்: ஜல்லியே வேண்டாம். சன்ன மண்ணுக்குக் கீழே கரடான ஜல்லி இருந்தால், மேல்மண் முழுதாக நனைந்து சொட்டும் வரை நீர் கீழே இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு ஜல்லியின் அளவுக்கு மேலே ஏறி வேரிடம் வந்துவிடும். ஓட்டையில் மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

தொட்டி 40 செ.மீ. விட்டமும் அதே ஆழமும், அதாவது 35 லிட்டருக்குக் குறையாமல். தோட்ட மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, கரடு மணலும் தென்னை நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. கறுப்புத் தொட்டி வெயிலில் வேரைச் சுட்டுவிடும். வெளிர் நிறமோ மண்தொட்டியோ நல்லது. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் அடியில் வடியும் வரை நீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் இது தினமும் தேவைப்படலாம். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால், தங்கிய உர உப்பு வெளியேறும். இலை ஓரம் கருகுவதற்கு உப்புதான் காரணம் என்பதை அறியாமல் பலர் மேலும் உரம் போடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செடியை எடுத்து, வேர்க்கட்டியின் ஓரத்தில் இரண்டு விரல் அளவு சீவி, புது மண்ணில் வையுங்கள்.

கேள்வி: அட்டையில் 1 மீட்டர் என்று போட்டிருந்த ரோஜா சாட்டை போல ஆறடிக்கு நீண்டு, நுனியில் மட்டும் நாலு பூ பூக்கிறது. வெட்ட வெட்ட இன்னும் நீளமாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: வெட்டும் முறைதான் காரணம். பலமான வேருள்ள செடியைத் தரையோடு வெட்டினால், வேரில் சேர்ந்திருக்கும் பலம் முழுவதும் இரண்டு மூன்று கணுக்களில் பாயும். பிறகு சாட்டை வராமல் என்ன செய்யும்? வளரும் காலத்தில் ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

அடியிலிருந்து புதிதாகக் கிளம்பும் தடித்த கிளையைக் கவனியுங்கள். செந்நிறத்தில், முள்கூட மெத்தென்று இருக்கும். உங்களுக்கு வேண்டிய உயரத்தில் பாதியை எட்டியவுடன் நுனியில் இரண்டு அங்குலத்தை விரலாலேயே ஒடித்துவிடுங்கள். இளசாக இருப்பதால் சுலபமாக ஒடியும். பத்துப் பதினைந்து நாளில் அதற்குக் கீழே இரண்டு மூன்று கணுக்களிலிருந்து பக்கக் கிளை வரும். ஒவ்வொன்றின் நுனியிலும் பூக்கும். புதர் அடர்த்தியாவதற்கு நாங்கள் அதிகம் நம்புவது இந்தக் கிள்ளலைத்தான். கத்தரி வேலை அதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே நீண்டுவிட்ட சாட்டையை வெட்டி எறிய வேண்டாம். மழை நாளிலோ நீர் விட்ட மறுநாளோ, தண்டு வளைய இசைவாக இருக்கும்போது வில்லாக வளைத்து, நுனியைத் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். ஒரேயடியாக வளைத்தால் பிளந்துவிடும். மூன்று நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நுனி தாழ்ந்ததும் மற்ற மொட்டுகளை அடக்கி வைத்திருந்த அதன் ஆதிக்கம் போய், வளைவின் மேல்பக்கத்தில் உள்ள கணுவெல்லாம் விழிக்கும். நுனியில் நாலு பூ பூத்த அதே கிளை நெடுகப் பூக்கும்.

பெரிய கவாத்து ஆண்டுக்கு ஒருமுறை. குளிர்ப் பகுதியில் குளிர் முடிந்து மொட்டுகள் பருக்கத் தொடங்கும்போது. குளிரில்லாத பகுதியில் வெயிலும் மழையும் ஓய்ந்து இதமான பருவம் தொடங்கும்போது. காய்ந்தது, நோயுற்றது, உரசிக்கொள்வது, பென்சிலைவிடச் சன்னமானது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்கலாம். வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டு அமைய வேண்டும். அதிகம் மேலே விட்டால் அந்தக் கட்டை காய்ந்து கருகல் கீழே இறங்கும். வெட்டிய தண்டின் நடுச்சோறு பழுப்பாக இருந்தால் கருகல் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வெண்மையோ வெளிர்பச்சையோ தெரியும் வரை கீழே வந்து வெட்டுங்கள். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

வாடிய பூவை எடுக்கும்போது ஐந்து இலைக்கூறு (ஒரே காம்பில் உள்ள சிற்றிலை) உள்ள இலைக்கு மேல்தான் வெட்ட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கண்டிப்பில்லை. குட்டைச் செடியில், அதுவும் முதல் ஆண்டில், அவ்வளவு கீழே போய் இலைகளை இழப்பது நட்டம். தடித்த மொட்டு உள்ள முதல் நல்ல இலைக்கு மேல் வெட்டினால் போதும். அடுத்த பூ வெப்பத்தைப் பொறுத்து ஆறேழு வாரத்தில் வரும்.

கேள்வி: இலையில் கறுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள், பிறகு உதிர்கிறது. இன்னொரு செடியில் மாவு தூவியது போல வெள்ளை. இரண்டுக்கும் ஒரே மருந்து அடித்தும் நிற்கவில்லை.

பதில்: இரண்டும் வெவ்வேறு பூஞ்சை, வருவதற்கான சூழ்நிலையும் நேர் எதிர். இது புரிந்தால் மருந்துத் தேவை பாதியாகக் குறையும்.

கரும்புள்ளி நோய்க்கு இலைமேல் நீர் நிற்க வேண்டும். ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அதன் வித்து முளைத்து உள்ளே நுழையும். பெரும்பாலும் நீர்த்துளி தெறிப்பதால்தான் கீழ் இலையிலிருந்து மேல் இலைக்குப் போகும். ஒரு புள்ளியைக் கையில் வைத்துப் பாருங்கள்: ஓரம் வழவழப்பான வட்டமாக இல்லாமல் இறகு விளிம்பு போலப் பிசிறு பிசிறாக இருந்தால் கரும்புள்ளி நோய்தான். நீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்க நேர்ந்தால் காலையில் மட்டும். தரையிலிருந்து 20 செ.மீ. உயரம் வரை உள்ள இலைகளைச் செடி வளர்ந்த பிறகு எடுத்துவிடுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, மட்கு குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். மூடாக்கு இருந்தால் மழைத்துளி மண்ணிலிருந்து தெறிக்காது. காலை வெயில் முதலில் படும் இடத்தை ரோஜாவுக்குக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். பனி சீக்கிரம் காயும்.

சாம்பல் நோய்க்கு இலைமேல் நீர் தேவையில்லை; நீர்ப்படலம் அதன் வித்துக்குக் கெடுதலே செய்யும். பகல் வறண்டும், இரவு குளிர்ந்து காற்றில் ஈரம் மிகுந்தும் இருக்கும் நாள்களில் வரும். இளந்தளிரும் பூக்காம்பும் முதலில் மாட்டும். இலை கரண்டிபோல மேல்நோக்கிக் குழியும். வேர் காய்ந்து கிடக்கும் செடியையும், தழைச்சத்து மிகுந்து தளிராகக் கொழித்த செடியையும் அதிகம் பிடிக்கும். பாதித்த நுனிகளைக் கிள்ளி, புதரின் நடுவைச் சற்றுத் திறந்துவிட்டு, வேருக்கு ஒழுங்காக நீர் கொடுங்கள்.

மருந்து தேவைப்பட்டால் சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டும் சில துளி திரவ சோப்பும், அல்லது லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத் தூள். இலையின் அடியும் நனைய வேண்டும். 30 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் உள்பட எந்த எண்ணெய் அடித்த பிறகும் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் கூடாது. கரும்புள்ளிக்கு எந்தப் பூஞ்சைக்கொல்லியும் வந்த புள்ளியைப் போக்காது. வராத இலையைக் காக்கும், அவ்வளவுதான். ஆகவே தொடர்மழைக்கு முன்பே அடித்தால்தான் பயன். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும். வேறு வகையோடு மாற்றி மாற்றி, அட்டையில் உள்ள அளவில் அடியுங்கள்.

கேள்வி: மொட்டு பெரிதாகிறது, ஆனால் விரியாமல் பழுப்பாகிக் காய்கிறது. ஏன்?

பதில்: ஒரு மொட்டைப் பறித்து வெள்ளைத் தாள்மேல் இதழ் இதழாகப் பிரித்துத் தட்டுங்கள். அரிசி நொய்யைவிடச் சிறிய, மஞ்சளோ பழுப்போ நிறமுள்ள, நீளவாக்கில் ஊரும் பூச்சிகள் விழுந்தால் இலைப்பேன். இதழ் ஓரத்தைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். வெளிர் நிறப் பூக்களைத் தேடி வரும். மொட்டுக்குள் ஒளிந்திருப்பதால் மேலே அடிக்கும் மருந்து எட்டாது. பாதித்த மொட்டு, வாடிய பூ எல்லாவற்றையும் பறித்து மூடிய பையில் போட்டு அகற்றுங்கள். நீல ஒட்டுப்பொறியைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். மிக மோசமானால் ஸ்பினோசாட் என்ற பூச்சிக்கொல்லி. அது காயும் வரை தேனீக்கு நஞ்சு என்பதால், தேனீ வராத மாலையில் மட்டும்.

பூச்சி இல்லை, வெளி இதழ் காகிதம்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே இதழ் நன்றாக இருக்கிறது என்றால் மழையில் நனைந்த இதழ் வெயிலில் ஒட்டிப்போனது. வெளி இதழை மெதுவாக உரித்துவிட்டால் சில நேரம் விரியும். இதழ் நிறைந்த ரகங்களில் இது சகஜம். சாம்பல் நிற ரோமம் படர்ந்திருந்தால் அழுகல் பூஞ்சை, காம்போடு வெட்டிவிடுங்கள்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. எப்சம் உப்புப் போடச் சொல்கிறார்கள்.

பதில்: எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக, நடுப்பகுதி மஞ்சளாக இருந்தால் மக்னீசியக் குறை. அப்போது மட்டும் மக்னீசியம் உள்ள எப்சம் உப்பு உதவும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் இரண்டு முறை, 15 நாள் இடைவெளியில். குறையில்லாத செடிக்கு மாதாமாதம் போட்டால், மண்ணில் மக்னீசியம் மிகுந்து கால்சியம், பொட்டாசியம் எடுப்பதைத் தடுக்கும்.

நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-ஐத் தாண்டினால் வேரால் எடுக்க முடியாது. ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரை உகந்தது. அவசரத்துக்கு ‘ஈ.டி.டி.எச்.ஏ.’ வகை இரும்புச் சத்தை மண்ணில் ஊற்றுங்கள்; கார மண்ணில் வேலை செய்வது அந்த வகைதான். நிலையான தீர்வு கந்தகத் தூளும் மட்கிய உரமும். ஆனால் பலன் தெரியப் பல மாதம் ஆகும். அடி இலை முழுதாக மஞ்சளாகி, மண் எப்போதும் ஈரமாக இருந்தால் நீர் அதிகம். உரத்தைத் தேடாமல் நீரை நிறுத்துங்கள். மஞ்சளாகத் தெரிந்த இலையின் அடியில் மெல்லிய வலையும் தூசிபோல நகரும் புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. வறண்ட வெயிலில் வரும். காலையில் இலையின் அடிப்பக்கத்தை வேகமான நீரால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். சாதாரணப் பூச்சிக்கொல்லி அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும், சிலந்தி பெருகும்.

கேள்வி: ஏழு இலைக்கூறு வந்தால் அது காட்டுப் போத்து, வெட்டிவிட வேண்டும் என்பது உண்மையா?

பதில்: இதை நம்பி நல்ல கிளைகளை வெட்டியவர்கள் பலர். மணமுள்ள பழைய ரோஜாக்களிலும் ஆங்கில ரோஜாக்களிலும் ஏழு இலைக்கூறு சாதாரணமாக வரும். கிளை எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடையாளம். மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து வந்தால்தான் போத்து. ‘மல்டிஃப்ளோரா’ வேர்ச்செடியாக இருந்தால், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் உள்ள செதில் சீப்பின் பற்கள்போலப் பிசிறாக இருக்கும். ‘டாக்டர் ஹூயி’ என்றால் அடர் சிவப்பில் சில அடுக்கு இதழோடு பூக்கும். “என் ரோஜா நிறம் மாறிவிட்டது” என்று எழுதுபவர்களின் செடியில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். போத்தைக் கத்தரியால் வெட்டினால் அடியிலுள்ள மொட்டுகள் மறுபடி கிளம்பும். கையுறை போட்டு, அது புறப்படும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள்.

கேள்வி: முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், தேயிலைத் தூள் போதுமா?

பதில்: மட்க வைத்துப் போட்டால் நல்லது, பச்சையாகப் போட்டால் ஈயும் பூஞ்சணமும்தான் மிச்சம். முட்டை ஓடு கரைவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும், அமில மண்ணில்தான் ஓரளவு கரையும். நிலத்துச் செடிக்கு ஆண்டுக்கு இருமுறை இரண்டு கிலோ மட்கிய உரம். வளரும் காலத்தில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை 10-10-10 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில்) போன்ற சமச்சீர் உரம் 50 கிராம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணோடு கிளறி, நீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் உரம் போடக் கூடாது. தொட்டிக்கு மெதுவாகக் கரையும் உரம், அட்டையில் சொன்ன அளவில் பாதி. குளிர்ப் பகுதியில் முதல் உறைபனிக்கு எட்டு வாரம் முன்பே உரத்தை நிறுத்திவிடுங்கள். தாமதமாக வரும் தளிர் குளிரில் கருகும்.

கேள்வி: குச்சி வைத்து வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கலாம். குட்டைப் புதருக்குச் சொந்த வேரில் வளரும் செடி ஒட்டுச் செடியைவிடப் பொருத்தம் என்றே சொல்வோம்: முதல் ஓராண்டு மெதுவாக வளரும், அதிகம் நீளாது, போத்துத் தொல்லை அடியோடு இல்லை. பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனில், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், நான்கு கணு உள்ள குச்சி எடுங்கள். மேலே ஓர் இலை மட்டும் விட்டு, அடியில் ஒரு பக்கத் தோலை இரண்டு செ.மீ. சீவி, வேர் ஊக்கியில் தொட்டு, இரண்டு கணு புதையும்படி மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்ததில் நடுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வேர் வரும். தளிர் வந்ததை வைத்து வேர் வந்ததாக நினைக்காதீர்கள். குச்சியில் இருந்த பலத்திலேயே தளிர் வரும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரிய வேண்டும். பல நாடுகளில் புதிய ரகங்களுக்கு உரிமைப் பாதுகாப்பு உண்டு. அவற்றை உரிமையாளர் அனுமதியின்றிப் பெருக்கக் கூடாது. பழைய ரகங்களுக்கு அந்தத் தடை இல்லை.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டு இருந்த பழைய ரோஜாவை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுச் செடி நட்டேன். எல்லாம் செய்தும் வளரவில்லை. பக்கத்தில் நட்டது நன்றாக இருக்கிறது.

பதில்: ரோஜா இருந்த இடத்தில் உடனே ரோஜா நட்டால் வரும் மறுநடவுச் சிக்கல் இது. பழைய வேரைச் சுற்றிப் பெருகிய பூஞ்சைகளும் நூற்புழுக்களும் சேர்ந்து புதுச் செடியின் மெல்லிய வேர்களைத் தாக்குகின்றன. வேரூன்றிய பழைய செடி அதைத் தாங்கிக்கொண்டது. இளம் செடியால் முடியவில்லை. தாமதிக்காமல் எடுத்து, வேரில் ஒட்டிய மண்ணை நீரால் கழுவி, கறுத்த வேர்களை வெட்டிவிட்டுத் தொட்டியில் வையுங்கள், பெரும்பாலும் பிழைத்துவிடும். அதே இடம்தான் வேண்டும் என்றால் 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை முழுதாக எடுத்து, ரோஜா நடாத இடத்து மண்ணை மட்கிய உரத்தோடு நிரப்புங்கள். அந்தக் குழியில் அடியில்லாத அட்டைப் பெட்டியை இறக்கி, அதற்குள் புது மண்ணை நிரப்பி நடுவது இன்னும் நல்லது. அட்டை மட்கிப் போவதற்குள் செடி தன் வேரை நன்றாகப் பரப்பியிருக்கும். எடுத்த பழைய மண்ணை வீணாக்க வேண்டாம். காய்கறிப் பாத்திக்குப் போடலாம், அங்கே அதனால் கெடுதல் இல்லை.